சிவப்பு விளக்கு அணையும்வரை

1

இந்தக் கதையில் பாதி நான் காதால் கேட்டது. மீதி, கேட்டதுபோலத் தலையாட்டியது. முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு என்னைப் பிடித்து உலுக்காதீர்கள்.

காது பரிசோதனைக்குப் போயிருந்தேன். எனக்கு இடப்பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், மாமியாரை உள்ளே அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். அவளுடைய விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்தன. எழுதுகிறவனுக்கு வாய் சும்மா இருக்குமா? என்ன வேலை என்று கேட்டேன். டபுள் பாஸ் வாசிக்கிறாளாம், ஆளைவிட உயரமான தந்தி வாத்தியம். நாலு பேர் சேர்ந்த ஜாஸ் குழு. அவர்களுடைய முதல் இசைத்தட்டு பதிவான நாளைப் பற்றிச் சொன்னாள். என் இடது காது மோசம். இடம் மாறி உட்கார்ந்திருக்கலாம். மானம் போய்விடுமே என்று அப்படியே இருந்தேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

“மழை பெய்துகொண்டிருந்த ஒரு” (மழையைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.)

“ஜாஸ் என்பது சுதந்திரத்தின்” (கட்டுரைக்காரனே, எழுந்து வெளியே போ.)

“அண்ணனுக்குக் காது மங்கிவருவது தங்கைக்கு மட்டும்தான் தெரியும்.”

இது இருக்கட்டும்.

3

அவளுடைய அண்ணன்தான் டிரம்ஸ். இரண்டு வருடமாகக் காது தேய்ந்துகொண்டே வந்தது. மேடையில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் அவன் தங்கையின் வலது தோளைப் பார்த்து வாசித்தான். தாளம் விழும் இடத்தில் அந்தத் தோள் ஒரு விரற்கடை இறங்கும். மெட்டு முடியும் இடத்தில் நன்றாக ஏறி இறங்கும். இதை இருவரும் பேசி வைத்துக்கொண்டதே கிடையாது. ஒருமுறை, “டாக்டர்கிட்ட காட்டலாமாண்ணா?” என்று கேட்டுவிட்டாள். “ஏன், எனக்கென்ன கிழடு தட்டிடுச்சா?” என்றவன் மூன்று நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இசைத்தட்டில் வரும் ஐந்து மெட்டுகளும் தங்கை எழுதியவை. அடுத்தவர் மெட்டையே வாசித்துக் காலம் தள்ளியவர்களுக்கு இது முதல் சொந்த வட்டு. அதில் அண்ணன் இருக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. விஷயம் வெளியே வந்தால் அவனைக் கழற்றிவிடுவார்கள். பியானோ வாசிக்கும் டீச்சர் வேறொரு டிரம்ஸ்காரரைப் பற்றி ஏற்கெனவே இரண்டு தடவை பேச்செடுத்துவிட்டாள்.

(முதல் பிரதியில் டீச்சரை வில்லியாக்கியிருந்தேன். கோணல் சிரிப்புகூடக் கொடுத்தேன். பிறகு வெட்கமாகிவிட்டது. பகலெல்லாம் பிள்ளைகளின் அபஸ்வரத்தைச் சகித்துக்கொண்டு சம்பாதிக்கிறவள், ஓர் இடத்திலாவது சுத்தமாக வர வேண்டும் என்று நினைப்பது குற்றமா?)

4

ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆளுக்கொரு கண்ணாடி அறை. அண்ணனுடைய அறையிலிருந்து பார்த்தால் பியானோவின் மூடி தெரிந்தது. தங்கையின் தோள் தெரியவில்லை. தலையில் மாட்டிய ஹெட்ஃபோனை அவன் இரண்டு தடவை மாற்றச் சொன்னான்.

“டிரம்ஸ் பின்தங்குது. மறுபடியும்” என்றாள் டீச்சர், மூன்றாவது முறையாக.

“இந்த ஹெட்ஃபோனே சரியில்லை” என்றான் அண்ணன். அவன் நெற்றியில் வேர்வை.

“தப்பு என்மேலதான்” என்றாள் தங்கை. “தனியா நின்னா எனக்கு வரமாட்டேங்குது. எல்லாரும் ஒரே அறையில வாசிக்கலாமே?”

ஒலிப்பதிவாளர் தலையைச் சொறிந்தார். “ஒருத்தர் சத்தம் இன்னொருத்தர் மைக்ல விழும்மா. அப்புறம் ஒருத்தர் சறுக்கினா நாலு பேரும் முதல்லேருந்து வாசிக்கணும். ஒட்டுப்போட முடியாது.”

“பிடிவாதம் பிடிக்காதே” என்றாள் டீச்சர். “உன் மெட்டு, உன் வட்டு. கெடுத்துக்கிட்டா அப்புறம் அழாதே.”

சாக்ஸபோன்காரர் சமாதானம் செய்துவைத்தார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவர் மூச்சை இழுக்கிற சத்தத்துக்காக அவருக்குப் பெருமூச்சு என்று பெயர். “வாசிச்சுத்தான் பாப்போமே. என் மூச்சு எப்படியும் எல்லா மைக்லயும் விழும்.”

பெரிய அறைக்கு மாறினார்கள். தங்கை அண்ணனுக்கு நேர் எதிரே நின்றுகொண்டாள். நான்கு மெட்டுகள் கையோடு முடிந்தன. டீச்சரே சிரித்தாள்.

5

ஐந்தாவது மெட்டு மெதுவானது. அண்ணன் கம்பி பிரஷ்ஷால் டிரம் தோலைத் தடவி வாசிக்க வேண்டும். வாசல் பெருக்குகிற சத்தம் மாதிரி. தங்கை அந்த மெட்டை வருடக்கணக்காக மனசுக்குள்ளேயே வைத்திருந்தவள். இப்போது அது வெளியே, நாலு பேர் கையில், அவள் நினைத்ததைவிட நன்றாக வந்துகொண்டிருந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் அண்ணனை மறந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். வாத்தியத்தின்மேல் சாய்ந்து கடைசி ஸ்வரத்தை மீட்டி அப்படியே நின்றுவிட்டாள். தோள் அசையவில்லை.

அங்கே ஒரு விதி உண்டு. கடைசி ஒலி முழுதாக ஓய்ந்து, பதிவு ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணையும்வரை ஒருவரும் அசையக் கூடாது. டீச்சர் கட்டையில் விரலை வைத்தபடி இருந்தாள். பெருமூச்சு மூச்சையே பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தான். தங்கையின் தோளையே பார்த்தபடி, அவ்வளவு மென்மையாக, அவ்வளவு கவனமாக, ஒருவருமே இல்லாத மெட்டுக்குத் தாளம்.

அவள் கண்ணைத் திறந்தபோது டீச்சர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரின் கண் நிரம்பியிருந்தது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று தங்கைக்கும் புரிந்தது. தோளை ஏற்றி இறக்கினாள். பிரஷ் நின்றது. விளக்கு அணைந்தது.

கூரையிலிருந்த ஸ்பீக்கரில் ஒலிப்பதிவாளர்: “பிரமாதம். கடைசியில டிரம்ஸ் மட்டும் பதினோரு செகண்ட் தனியா ஓடுது. வெட்டிடவா, இருக்கட்டுமா?”

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அண்ணனும் அண்ணாந்தான்.

“என்ன சொல்றார்?” என்று தங்கையைக் கேட்டான். “நல்லா வந்துச்சாமா?”

6

முடிவு அ: “வெட்டிடுங்க” என்கிறாள். அண்ணனிடம், “பிரமாதம்னு சொல்றார்.” பொய்யும் அல்ல. வட்டு சுத்தமாக வெளிவருகிறது. அண்ணனுடைய நாற்காலியில் அடுத்த மாதம்

(முடிக்கப் பிடிக்கவில்லை.)

முடிவு ஆ: “அந்தப் பதினோரு செகண்டுதான் அழகு” என்கிறார் பெருமூச்சு. எல்லோரும் கட்டிக்கொள்கிறார்கள். (எழுதி, அழித்தேன். அவனிடமே சொல்லாமல் அவனுடைய தப்பை அழகு என்று தீர்மானிக்க நாம் யார்?)

முடிவு இ: நிஜமாக நடந்தது. அதை அவள் சொன்னாள். அந்த இடத்தில் குரல் தணிந்துவிட்டது. உதடு அசைந்ததைப் பார்த்தேன். ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை. “என்ன சொன்னீங்க?” என்று கேட்டிருந்தால் போதும். நானோ “ஆமாமா, வேற என்ன செய்ய முடியும்” என்றேன்.

அவள் என் தோளைத் தொட்டு, முழுதாக என் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: “உங்களைத்தான் கூப்பிடறாங்க. மூணு தடவை கூப்பிட்டுட்டாங்க.”

அண்ணனிடம் அவள் எப்படிப் பேசுவாள் என்று அப்போதுதான் தெரிந்தது. எழுந்து உள்ளே போனேன். திரும்பி வந்தபோது நாற்காலி காலி.

7

ஆகவே முடிவு உங்கள் பொறுப்பு. ஸ்பீக்கரில் ஒலிப்பதிவாளர் காத்திருக்கிறார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். நீங்கள் எதைச் சொன்னாலும் சரி, அவன் பக்கம் திரும்பி நின்று, உதடு தெரியும்படி மெதுவாகச் சொல்லுங்கள். பிரஷ்ஷை மடியில் வைத்துவிட்டு அவன் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.