காப்பார் சிஃபு

என் கணவர் யுகேந்திரன் கழிப்பறையில் முக்கால் மணி நேரம் உட்கார ஆரம்பித்தபோது, வயிற்றுக் கோளாறு என்றுதான் நினைத்தேன். ஓமத் தண்ணீர்கூடக் காய்ச்சிக் கொடுத்தேன். நான்காம் நாள் கதவோரம் காதை வைத்தால், உள்ளே ஓர் இந்தோனேசியக் குரல், "கையை ஆட்டாதீங்க, டார்ச்சை நேராப் பிடிங்க" என்று மலாயில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் தோசைக் கடை திறக்கப்போகும் முத்துக்குமாரு அங்கிள், எவர்சில்வர் கவுண்டர் கேட்டு கிளாங்கிலுள்ள எங்கள் பட்டறைக்கு வந்திருந்தார். "தம்பி, டிக் வெல்டிங் செய்வீரோ?" என்று, மெல்லிய எவர்சில்வர் தகட்டை ஒட்டும் நுணுக்கமான வேலையைப் பற்றிக் கேட்டார். பத்தொன்பது வருடமாக இரும்பு கேட், கிரில் மட்டுமே ஒட்டிய என் கணவர், "நமக்கு அதெல்லாம் தண்ணி பட்ட பாடு, அங்கிள்!" என்று மார்தட்டியதை வீட்டிலும் வந்து பெருமையடித்திருந்தார். தெரியாத அந்த வேலையைத்தான் இப்போது கைபேசி வீடியோ பார்த்துத் திருட்டுத்தனமாகக் கற்கிறார்.

நானும் அந்த வீடியோவைத் தேடிப் பிடித்தேன். முகமே காட்டாத ஒரு மனிதர், கையுறை போட்ட இரண்டு கைகள். வலது கையில் நெருப்புக் கக்கும் வெல்டிங் டார்ச், இடது கையில் ஒட்டுக் கம்பி. தகடு உருகும் இடத்தில் கம்பியைத் துளித்துளியாக ஊட்ட வேண்டும். குழந்தைக்குச் சோறு ஊட்டுவது மாதிரி அழகாக இருந்தது. ஒன்று பார்த்தேன், பத்து பார்த்தேன், ஒரு மாதத்தில் இருநூறு பார்த்துவிட்டேன்.

வீடியோக்களுக்குக் கீழே 'கிளாங் சிங்கம்' என்று ஓர் ஆள் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டிருந்தார். பேருக்குப் பக்கத்துப் படத்தில் எங்கள் மஞ்சள் லோரி. சிங்கம் யாரென்று சொல்லவும் வேண்டுமா? "டார்ச்சோட டங்ஸ்டன் முனை கறுத்துப் போகுது, ஏன்?" என்று கேட்டிருந்தார். யாரும் பதில் சொல்லவில்லை. பாவமாக இருந்தது. பக்கத்து ஊரான காப்பாரைச் சேர்த்து 'காப்பார் சிஃபு' என்று ஒரு பேரை வைத்துக்கொண்டு, "நெருப்பு அணைந்ததும் டார்ச்சை இழுக்காதே. வாயு நிற்கும்வரை அங்கேயே பிடி" என்று மலாயில் எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. "சரியாப் போச்சு, அபாங்! நீங்கதான் என் சிஃபு."

அண்ணன் ஆகிவிட்டேன். குருவும் ஆகிவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து, "பட்டறைப் பக்கம் வராதே, உனக்கு ஒண்ணும் புரியாது" என்று சொன்ன மனுஷன் என்னிடம் பாடம் கேட்கிறார். விடுவேனா?

"இடது கை சொன்ன பேச்சு கேக்கல, அபாங்" என்று அடுத்து எழுதினார். "விரல் பழக வேண்டும். தினமும் மாலையில் இரண்டு முழம் மல்லிகை கட்டு" என்றேன். அது உண்மையான யோசனைதான். கம்பியை ஓட்டுவதற்கும் பூத் தொடுப்பதற்கும் விரல் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். "மணிக்கட்டு இளக, வீட்டுத் தட்டுகளையெல்லாம் வட்டமாகத் தேய்த்துக் கழுவு" என்றும் சொன்னேன். இது என் சொந்தச் சரக்கு.

மூன்று வாரம் ராணி வாழ்க்கை. "உனக்கு உதவியா இருக்கட்டுமேனுதான் லா" என்று தட்டுக் கழுவினார். பூவை மட்டும் சாமிக்கு என்றார். சாமிக்குப் போக மிச்சத்தை நான் வைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை அந்தச் செய்தி வந்தது. "அபாங், வெள்ளிக்கிழமை கவுண்டர் கொடுக்கணும். தெரியும்னு பொய் சொல்லிட்டேன். மூணு தகடு ஓட்டையாப் போச்சு. என் பொண்டாட்டி என்னைப் பெரிய ஆளுனு நினைச்சிக்கிட்டிருக்கா, அவ முன்னாடி தலை குனிய முடியாது. ஒரு தடவ வந்து ஒட்டிக் கொடுங்க." கீழே பட்டறை முகவரி.

என் சிரிப்பு நின்றுவிட்டது. முகம் தெரியாத ஆளிடம் சொல்ல முடிந்ததை என்னிடம் சொல்ல முடியவில்லையே என்று நெஞ்சு வலித்தது. கூடவே பயமும் பிடித்துக்கொண்டது. இந்தச் சிஃபு டார்ச்சைக் கையால் தொட்டதே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? இருந்தாலும், "புதன் காலை பத்து மணி" என்று எழுதிவிட்டேன்.

புதன்கிழமை போனால், பட்டறை பெருக்கிச் சுத்தமாக இருந்தது. அவர் தீபாவளிச் சட்டை போட்டிருந்தார். மேசையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமும் கோப்பியும் இருந்தன.

"நீ ஏன் வந்த? போ, போ. பெரிய ஆளு ஒருத்தரு வராரு."

நான் நாற்காலியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன்.

"ஏய், அது சிஃபுக்கு வாங்குனது!"

"அதான் சாப்பிடுறேன்."

அவர் என்னைப் பார்த்தார். என் கைபேசியைப் பார்த்தார். முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்தது.

"தட்டு கழுவ வெச்சியேடி!"

"சுத்தமாத்தானே கழுவினீங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க ஏன் எங்கிட்ட கேக்கல?"

அவர் முகமூடியை எடுத்து என்னிடம் நீட்டினார். "சரி, வந்து ஒட்டு" என்றார். எனக்கும் வராது என்று சொன்னேன். நம்பாமல் டார்ச்சைக் கையில் திணித்தார். பழைய தகட்டில் ஐந்து காசு அளவுக்கு ஓட்டை போட்டேன். அவர் இருமல் வரும்வரை சிரித்தார். நியாயம்தான்.

மறுபடி அவர் டார்ச்சைப் பிடித்தார். பக்கத்தில் நின்று பார்த்தேன். வலது கை பாறை மாதிரி அசையாமல் நகர்ந்தது. இடது கை மட்டும் கம்பியை எங்கெங்கோ குத்தியது. எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தக் கம்பிய இங்க கொடுங்க" என்றேன்.

அவர் டார்ச், நான் கம்பி. முதலில் முகமூடிகள் இரண்டும் முட்டிக்கொண்டன. "இப்ப" என்பார், ஊட்டுவேன். பிறகு அவர் சொல்லவே தேவைப்படவில்லை. மதியத்துக்குள் ஒட்டு வைக்கோல் நிறத்தில் நேர்க்கோடாக வந்தது. அந்த வீடியோக்காரரின் ஒட்டும் இதே நிறம்தான். வியாழன் மாலை கவுண்டர் முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் இறக்கினோம். முத்துக்குமாரு அங்கிள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒட்டு முழுக்க விரலால் தடவினார்.

"நல்ல வேலை, தம்பி. தனியவோ செய்தனீர்?"

இப்போது மார்தட்டுவார் என்று நினைத்தேன். திரும்பும் வழியில் கேலி செய்ய நான்கைந்து வசனம்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"இல்ல, அங்கிள். எனக்கு இன்னும் இடது கை வரல. கம்பி ஓட்டுனது என் வைஃப். அவதான் எனக்குச் சொல்லியும் கொடுத்தா" என்றார். லோரிப் பக்கம் நின்ற என்னைக் கைகாட்டினார்.

அங்கிள் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பிள்ளை, கண் கலங்கியிருக்கு?"

"வெல்டிங் வெளிச்சம் பட்டுடுச்சு, அங்கிள்" என்றேன்.