கடிக்கும் முன் மோந்து பார்

தளி ஊருக்குப் பக்கத்து அங்கன்வாடியில் தர்ஷினி கடிக்காத ஆள் இரண்டே பேர். ஒன்று சுகுணா டீச்சர். இன்னொன்று சமையல் சாந்தம்மா; அதுவும் முட்டைப் பாத்திரம் அவள் கையில் இருந்ததால். நாலு வயதுப் பெண்ணுக்கு வாய்த்த அந்தப் பல்வரிசையைப் பார்த்தால் கரும்புத் தோட்டக்காரர்கள் வேலியைப் பலப்படுத்துவார்கள்.

கடைசியாகக் கடி வாங்கியவன் ஹரீஷ். அவனுடைய அப்பா ராமப்பன் கோஸும் பீன்ஸும் போட்டு பெங்களூருக்கு லோடு அனுப்புகிறவர். ஊரில் நாலு பேர் கூடினால் அதில் மூன்று பேர் அவர் பேச்சுக்குத் தலையாட்டுவார்கள். பையனின் தோளில் பல் தடத்தைப் பார்த்ததும் வாசலில் நின்று ஒரு பிடி பிடித்துவிட்டார்.

“என்னாம்மா டீச்சர், புள்ளைங்கள படிக்க அனுப்பறமா, கடி வாங்க அனுப்பறமா? சனிக்கிழம எல்லாரையும் கூப்புடறேன். அந்தப் பொண்ணு இங்க இருந்தா எங்க புள்ளைங்க ஒண்ணும் வராது. அவ்ளோதான்.”

தர்ஷினியை நிறுத்திவிட்டால் அவள் அம்மா சுமலதா வேலைக்குப் போக முடியாது. ரோஜா வளர்க்கும் பாலிஹவுஸ் கூடாரத்தில் வாங்குகிற சம்பளத்தில்தான் தாயும் மகளும் சாப்பிடுகிறார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு நாதி கிடையாது. “அவ இங்கதான் இருப்பா, நீ பயப்படாம வேலைக்குப் போ” என்று சுமலதாவிடம் சொல்லிவிட்டாள் சுகுணா. சொன்ன பிறகுதான் சனிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினாள்.

நல்லவேளை, அந்த வாரம்தான் ஓசூரில் ஒரு பயிற்சிக்குப் போய் வந்திருந்தாள். கோபப்படும் குழந்தையை அதட்டக்கூடாது, மூச்சைக் கவனிக்கச் சொல்லித் தர வேண்டும் என்றார்கள். பூவை முகர்வதுபோல் உள்ளே இழு, மெழுகுவத்தியை ஊதுவதுபோல் வெளியே விடு. பயிற்சி கொடுத்த பெண் அதைச் செய்து காட்டியபோது சுகுணாவுக்குக் கண் செருகிவிட்டது. இவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டு மறுநாள் ஒரு சிவப்பு ரோஜாவோடு வந்து நின்றாள்.

“எல்லாரும் பூவ மோந்து பாருங்க. நல்லா இழுங்க பாக்கலாம்!”

அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கன்னம் உப்பி, முகம் சிவந்து, மூச்சே விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். தர்ஷினி ஒரு படி மேலே போய் டீச்சர் கையிலிருந்த பூவைத் தட்டிவிட்டாள்.

“மருந்து டீச்சர், மருந்து! மோந்தா வாந்தி வரும்!”

பாலிஹவுஸுக்குப் போகும் அம்மாக்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் முதல் பாடமே அதுதான். பூச்சி மருந்து அடித்த பூ, மூக்குக்கிட்டே கொண்டுபோகாதே. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சொல்ல வாயெடுத்த சுகுணா, இங்கே கழுதை யார் என்று யோசித்து வாயை மூடிக்கொண்டாள். பூவைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

மத்தியானம் சாந்தம்மா கொத்தமல்லி சாதக் குண்டானின் மூடியைத் திறந்தாள். காலையில் பொத்தியிருந்த மூக்குகள் எல்லாம் மேலே நிமிர்ந்தன. யாரும் சொல்லாமலே ஒரு நீண்ட மூச்சு உள்ளே போனது. “ஆ…” என்று வெளியே வந்தது. தோள்கள் தளர்ந்தன. அடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அடிப்பதை மறந்தார்கள். சுகுணா எழுந்து நின்றுவிட்டாள்.

“அக்கா, மூடுங்க. மறுபடியும் தெறங்க!”

“அய்யோ தேவரே, சோறு ஆறிப்போவுது டீச்சர்!” என்று பாதிக் கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டாள் சாந்தம்மா. ஆனாலும் மூடித் திறந்தாள்.

அன்றிலிருந்து வாச விளையாட்டு ஆரம்பமானது. எலுமிச்சைத் தோல், நனைந்த மண், சாந்தம்மாவின் தலை எண்ணெய் என்று கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும். தர்ஷினி அதில் சூரப்புலியாக இருந்தாள். எந்தப் பை யாருடையது என்று மோந்தே சொன்னாள்.

“கோவம் வந்தா ஒடம்புல எங்க வரும்?” என்று ஒருநாள் சுகுணா கேட்டாள். கையில் என்றான் ஒருவன், வயிற்றில் என்றான் ஹரீஷ்.

“பல்லுல,” என்றாள் தர்ஷினி.

சுகுணாவுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு மனசு என்னவோ செய்தது. அந்தப் பெண் கடிப்பதெல்லாம் ஜன்னலோர இடத்தைப் பிடிக்கிறவர்களைத்தான். அங்கிருந்து பார்த்தால்தான் அம்மா வரும் வேன் தெரியும். அந்த அம்மாவும் வந்து இறங்கியதும், “தொடாத கண்ணு, மருந்துக் கை. வூட்டுக்குப் போய் கழுவிக்கினு தூக்கறேன்” என்று தள்ளியே நிற்பாள். நாளெல்லாம் காத்திருந்து கிடைப்பது அதுதான் என்றால் யாருக்குத்தான் பல் நமநமக்காது?

“சரி தர்ஷினி. கோவம் பல்லுக்கு வந்துட்டா, கடிக்கறதுக்கு முன்னாடி மோந்து பாரு. என்ன வாசம்னு சொல்லணும். சரியா?”

தர்ஷினி பெரிதாகத் தலையாட்டினாள். மறுநாளே ஜன்னலோரம் உட்கார்ந்த ஒரு சிறுமி அலறினாள்.

“மோந்து பாக்கச் சொன்னேன்ல?”

“மோந்தேன் டீச்சர். கடிச்சிட்டு மோந்தேன். தேங்கா எண்ண.”

இந்த லட்சணத்தில் சனிக்கிழமை வந்துவிட்டது. பெற்றோர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். லீவு சொல்லிவிட்டு வந்த சுமலதா கதவோரமாகவே நின்றாள். ராமப்பனும் அவர் மனைவி பார்வதியும் முன்னால் இருந்தார்கள். சுகுணா வாச விளையாட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததுமே ராமப்பன் எழுந்துவிட்டார்.

“மோந்து பாத்தா கோவம் போயிருமா? நல்ல கதையா இருக்குதே!” சுமலதா பக்கம் திரும்பினார். “ஏம்மா, ஒரு புள்ளைய வளக்கத் தெரியல, உனுக்கு என்னாத்துக்கு வேல?”

“அண்ணா, அவள நிறுத்திட்டா நாங்க எப்டிங்கண்ணா பொழைக்கிறது?” சுமலதா கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

“அதுக்கு எங்க புள்ளைங்க கடி வாங்கணுமா?” விரலை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

ஜன்னலோரம் இருந்த தர்ஷினி பாய்ந்து வந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. நீட்டிய கையை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள். வாயை அகலத் திறந்தாள். சுகுணாவுக்கு உயிர் போய்விட்டது. ராமப்பனே கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கடி விழவில்லை. தர்ஷினி வாயைத் திறந்தபடியே நின்றாள். மூக்கு மட்டும் ஒருமுறை சுருங்கி விரிந்தது. பிறகு இன்னொரு முறை, நிதானமாக, அடிவயிறுவரை மூச்சை இழுத்தாள். வாயை மூடிக்கொண்டு டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள்.

“பீடி,” என்றாள்.

பார்வதி மெதுவாகப் புருஷனைப் பார்த்தாள்.

“பொங்கலுக்கே உட்டுட்டேன்னு என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணீங்களே?”

“அது… சின்னப் புள்ள என்னமோ உளறுது…”

விளையாட்டில் தான் தோற்கக்கூடாதே என்று ஹரீஷ் ஓடிவந்து அப்பாவின் கையை மோந்து பார்த்தான். “கரெக்ட் டீச்சர்! பம்ப்செட் ரூமுல வர்ற வாசம்!”

அதற்குப் பிறகு யாரால் கூட்டம் நடத்த முடியும்? சாந்தம்மா அடுப்படியிலிருந்து ஆரம்பித்த சிரிப்பு வாசல்வரை போனது. ஊருக்கே நியாயம் சொல்கிற ராமப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். பார்வதி மட்டும் சிரிக்கவில்லை.

“டீச்சர், இந்தப் பொண்ணு இங்கயேதான் இருக்கணும். இவரு பையன உட வர்றப்ப ஒருவாட்டி, கூட்டிக்கினு போறப்ப ஒருவாட்டி கைய மோந்து பாக்கட்டும். யாராச்சும் அவள நிறுத்தச் சொன்னா எங்கிட்ட வரச் சொல்லுங்க.”

ராமப்பனுக்குத் தலையாட்டும் மூன்று பேரும் இப்போது பார்வதிக்குத் தலையாட்டினார்கள். சுமலதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சுகுணா தர்ஷினியைத் தூக்கிக்கொண்டாள். கடிக்கவில்லை, மோந்து பார்த்தாள் என்று அவள் மனசு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அம்மாவைத் திட்டியபோதுகூட மோந்து பார்த்தாளே! சந்தோஷம் தாங்காமல் அவளுக்கும் கண் கலங்கியது.

திங்கட்கிழமை வெளிக் குழாயடியில் ஒரு சோப்பும், ஆணியில் ஒரு துண்டும் வந்துவிட்டன. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய சுமலதாவைச் சுகுணா அங்கே கூப்பிட்டாள். சுமலதா முழங்கைவரை தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டுக் கைகளை நீட்டினாள். தர்ஷினி இரண்டு உள்ளங்கையையும் பிடித்து மோந்து பார்த்தாள்.

“சோப்பு,” என்றாள். இன்னொருமுறை மோந்தாள். “அம்மா.” சொல்லிவிட்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்ததாக ராமப்பனின் வண்டி வந்து நின்றது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவரும் குழாயடிக்குப் போனார். சோப்பைக் கரைந்துவிடும் அளவுக்குத் தேய்த்தார். துண்டில் கையைத் துடைத்துவிட்டு, அம்மாவின் இடுப்பில் இருந்த தர்ஷினியிடம் பரீட்சைக்கு வந்த பையனைப்போல் கையை நீட்டினார்.

தர்ஷினி கண்ணை மூடி, மெதுவாக, நன்றாக இழுத்து மோந்து பார்த்தாள்.

“சோப்பு,” என்றாள்.

ராமப்பனுக்கு முகமெல்லாம் பல்.

“அப்புறம், பீடி.”