பேரிங் சத்தம் இல்லை

"இன்னும் கொஞ்சம் அழுத்துக்கா" என்று டிராக்டருக்கு அடியிலிருந்து ஆனந்தராஜ் குரல் கொடுத்தான்.

அமுதா சீட்டின் விளிம்புக்கு நகர்ந்து, இடது காலின் பலம் முழுவதையும் கிளட்ச் பெடலில் இறக்கினாள். எஞ்சின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பெடல் பாதி இறங்கியதுமே பல்லைக் கூசவைக்கும் கிறீச்சொலி எழுந்தது. காலை எடுத்தாள், நின்றது. மறுபடி வைத்தாள், மறுபடி எழுந்தது.

"அவ்ளோதான். மிதிச்சா கத்துது, உட்டா கம்முனு இருக்குது. ரிலீஸ் பேரிங் போச்சு. நைனார் ஐயாகிட்ட சொல்லிடுக்கா, நிம்மதியா இருக்கட்டும்."

போய்ச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. கொட்டகைக்கும் அப்பா படுத்திருந்த அறைக்கும் நடுவே ஒரு ஜன்னல்தான். எஞ்சினை அணைத்ததும் அதன் வழியாக அப்பா ஜினகுமார் நைனாரின் குரல் வந்தது. சாகக் கிடக்கிற ஆளின் குரல், ஆனால் சொல்லில் குழப்பமே இல்லை.

"அது பேரிங். அது எனக்குத் தெரியாதா? நான் சொன்னது அது இல்ல."

அவருக்குத் தெரியாமல் இருக்காதுதான். அமுதா பிறப்பதற்கு முன்பே வாங்கிய வண்டி. அதன் கிளட்ச்சை எத்தனை தடவை பிரித்துப் பூட்டியிருப்பார் என்று அவருக்கே கணக்குக் கிடையாது. வண்டி ஓட்டுவதில் அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. மழைக்காலத்தில் மண்ணில் உயிர் அதிகம், ஏர்க்கொழுவில் சாகும் என்பதால் அந்த நாலு மாதமும் வண்டியைத் தொட மாட்டார். திருப்பருத்திக்குன்றத்தில் மற்ற சமணக் குடும்பங்கள்கூட இதைக் கேட்டுச் சிரிக்கும். சாமியார்கள்தான் மழைக்காலத்தில் ஒரே இடத்தில் தங்குவார்கள், டிராக்டருமா தங்கும் என்று கேட்பார்கள். அவரும் கூடவே சிரிப்பார், வண்டியை மட்டும் எடுக்க மாட்டார்.

இந்த வருஷமும் மழை முடிந்த பிறகுதான் ஏறி உட்கார்ந்தார். கிளட்ச்சை மிதித்தபோது உள்ளே ஏதோ கத்தியது என்றார். கியர் விழாமல் கரகரத்தது. இறங்கி வந்து படுத்தவர்தான். அதற்குள் சிறுநீரகம் இரண்டும் போயிருந்தன. டாக்டர்கள் கையை விரித்த பிறகு வீட்டுக்கு வந்து ஆகாரத்தை நிறுத்திவிட்டார். தண்ணீர் மட்டும்தான். யாரும் அழக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். அவர்கள் வழக்கப்படி ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கை கூப்பி மன்னிப்புக் கேட்டார். பால்காரர் வெலவெலத்துப் போய் மறுநாள் பாலுக்குக் காசே வாங்கவில்லை.

எல்லாம் முறைப்படி நடந்தது, ஒன்றைத் தவிர. அம்மா குணமாலா அவர் காதருகே உட்கார்ந்து பஞ்ச மந்திரத்தைச் சொல்லும்போதெல்லாம் அவர் விரலை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். உள்ளே இன்னும் கத்துகிறது என்றார். அவர் காது கொட்டகையில் இருந்தது. கடைசி மூச்சின்போது மனம் எதில் நிற்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டுதான் உயிர் அடுத்த பிறவிக்குப் போகும் என்று நம்புகிற வீடு அது. ஒரு துருப்பிடித்த வண்டியில் மனம் மாட்டிக்கொண்டு அப்பா போய்விடக் கூடாதே என்று அமுதா பயந்தாள். அதற்காகத்தான் ஓரிக்கையிலிருந்து மெக்கானிக் ஆனந்தராஜைக் கூப்பிட்டிருந்தாள்.

"இப்போ கேளு" என்றார் அப்பா, ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து.

அடுத்த தெருத் தறிகள்கூட மதியச் சாப்பாட்டுக்கு ஓய்ந்திருந்தன. எஞ்சின் சூடு மட்டும் டிக் டிக் என்று இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. அமுதா பெடலிலிருந்து காலை எடுத்து மடித்துக்கொண்டாள்.

அப்போது கேட்டது. அவள் காலுக்கு நேர் கீழே, இரும்புக்குள். மெலிசாக, விட்டு விட்டு, பசியில் அழுது களைத்தது போல ஒன்று. ஓடாத வண்டியில் எந்த பேரிங்கும் அப்படிக் கத்தாது.

"ஆனந்து, உனக்குக் கேட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலக்கா" என்றான் அவன். சொன்னவன் ஏற்கெனவே வண்டிக்கு வெளியே வந்து நின்றிருந்தான்.

கிளட்ச்சை மூடியிருக்கும் ஹவுசிங்குக்கு அடியில் ஒரு தகடு உண்டு, நாலு போல்ட்டில் நிற்கும். அதைக் கழற்றினால் உள்ளே பார்க்கலாம். ஆனந்தராஜ் முதலில் பெடல் கம்பியை முடுக்கிப் பார்க்கலாம் என்றான், நாளைக்கு வண்டியை இரண்டாகப் பிரித்தே பார்த்துவிடலாம் என்றான். அமுதா ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு தானே அடியில் நுழைந்தாள். அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து படுத்தான்.

தகடு விலகியதும் அவள் முகத்தில் பட்டு நூல் விழுந்தது.

சிவப்பு, பச்சை, இடையிடையே ஜரிகை. தறிக்காரர்கள் கத்தரித்துத் தெருவில் தள்ளும் துண்டு நூல்களை ஏதோ ஒன்று வாயில் கவ்விக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. கூடு. நாலு மாதம் ஆடாமல் அசையாமல் நின்ற வண்டியை விடப் பத்திரமான இடம் அதற்குக் கிடைத்திருக்காது. பாதிக் கூடு கிளட்ச் தண்டில் சுற்றி முறுக்கேறி இறுகியிருந்தது. அதனால்தான் கியர் விழவில்லை. ஆனந்தராஜ் குறட்டால் பிடித்து மெதுவாக இழுத்தான். நூலோடு நூலாக மூன்று அணில் குஞ்சுகள் வந்தன. காய்ந்து, கிளட்ச் தூள் படிந்து கறுத்து, விரல் நீளம்கூட இல்லை.

"இதுங்க செத்து ஒரு மாசம் ஆவும்கா" என்றான் மெல்ல. "அப்போ இப்போ கத்துனது எது?"

எந்த உயிரும் சாகக் கூடாது என்று சும்மா நிறுத்திவைத்த வண்டி, அதனாலேயே இப்படி. அப்பாவுக்கு இதை எந்த வாயால் சொல்வது என்றுதான் அமுதா யோசித்துக்கொண்டிருந்தாள்.

கூட்டை ஒரு பழந்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது வாசலில் குணமாலா நின்றாள். துணியைப் பார்த்தாள், பிரிக்கச் சொல்லவில்லை.

"அவரு தாங்கமாட்டாரு. ஒண்ணும் இல்லன்னு போய்ச் சொல்லு."

"அம்மா, நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன். போ."

நன்கொடை கேட்டு வருகிறவர்களிடம்கூட வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லத் தெரியாதவள் குணமாலா. அமுதா துணியை வேப்பமரத்தடியில் புதைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

"திறந்தீங்களா?" என்றார் அப்பா.

"திறந்தோம்பா."

"உள்ள?"

"காலியா இருக்குது. பேரிங்தான் போயிருக்குது."

அவர் கையை நீட்டினார். அவள் தன் கையைக் கொடுத்தாள். அவர் விரல் அவள் வளையலைத் தடவி, அதில் மாட்டியிருந்த ஒரு சிவப்பு இழையைப் பிரித்து எடுத்தது. கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம வீட்ல பட்டு ஏதும்மா?" என்றார்.

புழுவைக் கொதிநீரில் போட்டு எடுக்கும் நூல் என்று, பட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டே பட்டு கட்டாத குடும்பம். அமுதாவின் கல்யாணப் புடவைகூடப் பருத்திதான். அவள் தலை குனிந்துகொண்டாள். அப்பா திட்டினால் நன்றாக இருக்கும் என்று பட்டது.

"எத்தினி?"

"மூணு. குஞ்சுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு கையையும் சேர்ப்பதற்கு அவருக்கு நேரம் பிடித்தது. ஜன்னல் பக்கம் பார்த்துக் கூப்பினார். உதடு அசைந்தது. அதே கூப்பிய கையோடு மகள் பக்கம் திரும்பினார்.

"உன்னப் பொய் சொல்ல வச்சுட்டேன். என்ன மன்னிச்சுடும்மா."

மன்னிச்சேன், என்னையும் மன்னிங்க என்று பதில் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து வருஷா வருஷம் சொல்லிப் பழகிய வார்த்தைதான். முதல் பாதி வந்தது, மறுபாதி வரவில்லை. அவர் காத்திருந்து பார்த்துவிட்டு, போதும் என்பதுபோல் அவள் மணிக்கட்டைத் தட்டினார். பிறகு மனைவியைப் பார்த்து, "இப்போ சொல்லு" என்றார்.

குணமாலா குனிந்து மந்திரத்தைச் சொன்னாள். இந்தத் தடவை விரல் உயரவில்லை. எத்தனையோ முறை சொல்லி முடித்த பிறகுதான், கேட்க ஆள் இல்லாமல் சொல்லிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

உடலை வைத்திருக்க வைத்திருக்க அதில் புது உயிர்கள் தோன்றும், அவற்றையும் சேர்த்து எரிக்கக் கூடாது என்பதால் அவர்கள் வீட்டுச் சாவில் காத்திருப்பது கிடையாது. வெயில் சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். ஆண்கள் எல்லோரும் பின்னால் போனார்கள். தறிச் சத்தம் துக்கத்துக்காக நின்றிருந்தது. வாசலைக் கழுவிவிட்டு அம்மாவும் மகளும் ஈரத் தலையோடு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அழக் கூடாது என்று அவர் சொன்னது எவ்வளவு பெரிய கொடுமை என்று அமுதாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அப்பாவின் அறை ஜன்னல் திறந்தே கிடந்தது. இருவரும் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

வெகுநேரம் கழித்து குணமாலா கேட்டாள். "அந்தத் தகட்ட ஆனந்து திரும்ப மாட்டிட்டானா?"

"மாட்டிட்டான்மா. முடுக்கிட்டுத்தான் சுடுகாட்டுக்குப் போனான்."

"கழட்டிடு. வெளிய வர வழி இருக்கட்டும்."

அமுதா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"உனக்கும் கேக்குதா?"

"ஒரு மாசமாக் கேட்டுக்கினுதான் இருக்கேன்" என்றாள் குணமாலா.

கொட்டகையில் பொழுது மங்கியிருந்தது. விளக்குப் போட்டால் பூச்சிகள் வந்து விழும் என்று போடவில்லை. அமுதா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். ஸ்பேனரைக் கை தடவியே போல்ட்டில் பொருத்தினாள். ஒவ்வொன்றாகக் கழன்றது. தகட்டை எடுத்துச் சத்தமில்லாமல் தரையில் வைத்துவிட்டு, உள்ளங்கை இரண்டையும் சேர்த்துக் குழித்து, இருட்டாயிருந்த அந்தத் துளைக்குக் கீழே ஏந்திப் பிடித்தாள்.