ஆளுக்கு ஒரு டின்

மூன்று நாளைக்குக் கரண்டியைக் கையால் தொடுவதில்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டுதான் பவித்ரா சாங்கி படகுத்துறையில் விசைப்படகு ஏறினாள். வயது பதினைந்து. அம்மா கமலம் காலாங் பக்கத்துத் தொழிற்பேட்டையில் சமையற்கூடம் நடத்துகிறாள். கட்டுமான ஆட்கள், கப்பல் பட்டறை ஆட்கள் என்று நானூறு பேருக்கு மூன்று வேளைச் சோற்றுப் பொட்டலம் அங்கிருந்துதான் போகிறது. பள்ளிக்கூட நாளில் ஒரு மணி நேரம், விடுமுறை விட்டால் முழு நாள், பவித்ராவுக்கும் அங்கே வேலை. வெங்காயம் உரிப்பதில் ஆரம்பித்தவள் அரிசி அளக்கிற பொறுப்புக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. விவரம் தெரிந்த நாளாக அவளிடம் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: சோறு வெந்துச்சா?

ஜூன் விடுமுறைக்குத் தமிழ் இளையர் மன்றம் ஒன்று புலாவ் உபின் தீவுக்குக் காட்டுப் பயணம் கூட்டிப்போகிறது என்று தெரிந்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். அம்மா படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். வழியனுப்பும்போது சொன்னது இவ்வளவுதான்: "பாதியில திரும்பி வந்தேன்னு வை, மறுநாள் காலையில மூணு மணிக்கு வெங்காய மூட்டை உனக்காகக் காத்துக்கிட்டிருக்கும்."

பயணத்தின் சட்டம் எளிது. குழுவுக்கு ஆறு பேர். இரண்டு நாள் நடை, மூன்றாம் நாள் கயாக் என்ற துடுப்புப் படகு. மூன்று நாள் சாப்பாட்டுச் சாமான் முதல் நாளே கைக்கு வந்துவிடும். அதற்குமேல் ஒரு பிஸ்கட் கேட்டாலும் வேன் வரும், குழு மொத்தமும் ஏறிக்கொள்ள வேண்டும், பயணம் அத்தோடு சரி. முடித்துக் காட்டிய குழுவின் தலைவர் டிசம்பர் பயணத்துக்கு உதவிப் பயிற்றுநராக வரலாம். "யாரு தலைவர்?" என்று பயிற்றுநர் சந்திரமதி கேட்டு வாயை மூடுவதற்குள் பவித்ரா கையைத் தூக்கியிருந்தாள். டிசம்பரில் பயிற்றுநர்கள் போடுகிற அந்த ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். 'இப்ப எந்தப் பக்கம் போகணும்?' என்று நாலு பேர் தன்னிடம் கேட்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அதுதான்.

முதல் நாள் நடை தவறில்லாமல் முடிந்தது. ஐந்து மணிக்கு மாமாம் கடற்கரையில் கூடாரம் அடித்தார்கள். தலைவர் பவித்ரா வேலை பிரித்துக் கொடுத்தாள். கூடாரம் இரட்டையருக்கு, பெடோக்கிலிருந்து வந்த அண்ணன் தம்பி, ஒருத்தன் பேசினால் மற்றவன் தலையாட்டுவான். விறகும் தண்ணீரும் சுரேந்தருக்கு. சமையல் திலீப்புக்கும் சுஷ்மிதாவுக்கும். தனக்கு வரைபடம்.

வரைபடத்தை விரித்து உட்கார்ந்தவளின் காது மட்டும் அடுப்புப் பக்கம் கிடந்தது.

"ஒரு கப் ரைஸ் போதும்ல?" என்றான் திலீப். அப்பா சென்னையிலிருந்து வங்கி வேலைக்கு வந்தவர். வீட்டில் சமையலுக்கு ஆள் உண்டு.

"ஆறு பேருக்கு ஒரு கப்பா? ரெண்டு போடு. கழுவணுமா?" இது தோ பாயோவிலிருந்து வந்த சுஷ்மிதா.

"பாக்கெட்லதானே இருக்கு. அப்புறம் எதுக்குக் கழுவணும்?"

பவித்ரா பல்லைக் கடித்தாள். எட்டிப் பார்த்தாள். பச்சைத் தண்ணீரில் அரிசியைக் கொட்டி, தாள் எரிகிற தீயில் வைத்து, இரண்டு பேரும் பானையை முறைத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான், சத்தியம் போயிற்று.

"நகருங்க ரெண்டு பேரும்!"

பானையைப் பிடுங்கினாள், கழுவினாள், தீயைச் சரிபண்ணி உலை வைத்தாள். அரிசிப் பையைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, பால் டின் அளவுக்கு இருந்த தகரக் குவளையால் அள்ளிப் போட்டாள். அவள் போட்டாள் என்பதைவிடக் கை போட்டது என்பதுதான் சரி. இரண்டு வருஷமாகப் பழகிய கை. ஆளுக்கு ஒரு டின், பானைக்கு இரண்டு டின். எட்டு முறை அள்ளி, தண்ணீர் பார்த்து, மூடி, விறகைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். பெருமையாகக்கூட இருந்தது.

முக்கால் மணி நேரத்தில் மூடி தானாகவே எழுந்து நின்றது. பானை வாய் வரைக்கும் வெள்ளை வெளேரென்று சோறு.

"லா... யாருக்குக் கல்யாணம்?" என்றான் சுரேந்தர். தீனிக்காரன், அவனே ஒரு அடி பின்வாங்கினான்.

திலீப் அரிசிப் பையைத் தூக்கித் தலைகீழாக உதறினான். ஒரு பிடி விழுந்தது. "ஹலோ லீடர், இது மூணு நாளைக்கான ரைஸ்."

பவித்ரா பையைப் பார்த்தாள். அந்த அளவு யாருக்கு உண்டானது என்று அப்போதுதான் உறைத்தது. நாளெல்லாம் கம்பி கட்டுகிறவனுக்கு, கான்கிரீட் தள்ளுகிறவனுக்கு உண்டானது. சமையற்கூடத்தில் யாரும் ஆறு பிள்ளைகளுக்கு அரிசி அளந்ததில்லை.

"என் தப்புதான்" என்றாள்.

"தப்புன்னு சொன்னா ரைஸ் திரும்பி வருமா? நாளைக்கு நூன் வரைக்கும்கூடத் தாங்காது, எல்லாம் புளிச்சுப் போயிடும். பேசாம இப்பவே சந்திரமதி அக்காவுக்கு மெசேஜ் போட்டு வேனைக் கூப்பிடு. வெட்கக்கேடு ஒரு நாளோட முடியும்."

"வேன் கிடையாது."

"அப்ப என்ன சாப்பிடறது? மண்ணா?"

"இதே சோறு."

சுஷ்மிதா மூக்கைச் சுளித்தாள். பவித்ரா அதைக் கவனிக்கவில்லை. சோறு எப்படிக் கெடும் என்று இந்தத் தீவில் அவளைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. போன வருஷம் ஒரு நாள் வண்டி சீக்கிரம் வந்துவிட்டது என்று சோற்றைச் சூட்டோடு பொட்டலம் கட்டினார்கள். பொட்டலம் வியர்த்து, மதியத்துக்குள் நூல் விட்டு, அறுபது பேர் வெயிலில் பட்டினி கிடந்தார்கள். அன்றைக்கு அம்மா நேரில் போய் ஒவ்வொருத்தரிடமும் மன்னிப்புக் கேட்டாள். பவித்ராவும் கூட நின்றாள். ஒருத்தரும் திட்டவில்லை, அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. சோறு பழசானால் கெடுவதில்லை. சூட்டை அடைத்து வைத்தால் கெடும். ஆற்றி, நீரில் மூழ்கவைத்தால் நிற்கும். சமையற்கூடத்து ஆட்கள் அதைத்தான் காலையில் பொட்டலம் ஏற்றி அனுப்பிவிட்டு ஆளுக்கொரு சட்டி குடிப்பார்கள். பள்ளிக்குப் போகுமுன் பவித்ராவும் குடிப்பாள்.

"எல்லாரும் வயிறு முட்டச் சாப்பிடுங்க" என்றாள். "அப்புறம் கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிக்கிட்டு வாங்க. வேலை இருக்கு."

சாமான்களோடு வந்த புது விரிப்பைக் கழுவி விரித்து, மிச்சச் சோற்றைக் கனம் இல்லாமல் பரப்பினாள். ஐந்து பேரையும் சுற்றி உட்காரவைத்து, தட்டால் விசிறச் சொன்னாள். கை ஓயக்கூடாது. வெளிச்சம் இருக்கும்போதே முடிய வேண்டும்.

"ஜங்கிள் ட்ரிப்னு சொல்லி சோத்துக்கு விசிற வச்சுட்டியே" என்று சுரேந்தர் புலம்பினான்.

"வாயை மூடிக்கிட்டு விசிறுடா. எச்சில் தெறிச்சா கெட்டுடும்."

வாயை மூடினான். சோறு ஆறியதும் பானையைத் தேய்த்துக் கழுவி, அதில் போட்டு, குடிதண்ணீரை நாலு விரல் மேலே நிற்கும்படி ஊற்றினாள். காற்று போகட்டும் என்று மூடியைச் சாய்த்து, எறும்பு ஏறாமல் இருக்கப் பானையை ஒரு தட்டுத் தண்ணீரில் நிறுத்தினாள்.

காலையில் சந்திரமதி சைக்கிளில் வந்து இறங்கினாள். குழுக்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போவது அவள் வேலை. உதவி கேட்காமல் உதவமாட்டாள். ஆனால் யாருக்காவது உடம்பு கெடும் என்று தோன்றினால் எந்தக் குழுவையும் நிறுத்தலாம். திலீப் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

"நேத்துச் சாயந்திரம் வடிச்சதா?" சந்திரமதி பானைக்குள் குனிந்தாள். "பவித்ரா, ஒருத்தருக்கு வயித்தால போனாலும் நான்தான் பதில் சொல்லணும், தெரியும்ல?"

"தெரியும்க்கா. கைவிட்டுப் பாருங்க. பருக்கை தனித்தனியா நிக்குது, வழவழப்பு இல்ல. வாடை லேசாப் புளிப்பு, அழுகல் இல்ல. நான் முதல்ல சாப்பிடறேன். ஒரு மணி நேரம் பாருங்க. எனக்கு ஏதாவதுன்னா நானே வேனுக்குச் சொல்றேன்."

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று சந்திரமதி மற்றவர்களைக் கேட்டாள். இரட்டையர் இருவரும் தலையாட்டினார்கள். எதற்கு என்று தெரியவில்லை.

பவித்ரா உப்புப் போட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு ஒரு தட்டு குடித்தாள். சந்திரமதி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மரத்தடியில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் கூடாரத்தை மடக்கினார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பவித்ரா வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பதினைந்து வயதில் முதல்முறையாகக் கவனித்துக் கேட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி பசித்தது, அவ்வளவுதான்.

சந்திரமதி எழுந்தாள். சைக்கிளில் ஏறுமுன், "எனக்கும் ரெண்டு வாய் குடு" என்று வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை. பையில் இருந்த இக்கான் பிலிஸ் நெத்திலியை வறுத்துத் தொட்டுக்கொண்டார்கள். சுஷ்மிதா கண்ணை மூடிக்கொண்டு முதல் வாய் வைத்தாள்; திறந்துகொண்டு அடுத்த வாய். "தயிர் மாதிரி இருக்கு" என்று குற்றம் சொல்கிற குரலில் சொன்னாள்.

சாப்பிட்டது போக மிச்சம் இருந்த பானை ஏழு கிலோவாவது இருக்கும். தீவின் மேற்கு முனைக்கு நடக்க வேண்டும். செம்மண் பாதை, ஏற்றம், பழைய கல்குவாரி. பையோடு பானையைக் கையில் தூக்க முடியாது. பவித்ரா மூடியைக் கயிறு போட்டு இறுக்கி, கூடாரக் கம்பை நடுவில் கொடுத்து, ஒரு முனையைத் தோளில் வைத்தாள்.

"இன்னொரு முனைக்கு யாரு?"

ஆளாளுக்குத் தங்கள் பையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு திலீப் வந்து குனிந்தான். "கீழ போட்டா என்னைச் சொல்லக்கூடாது."

"கீழ போட்டா உனக்குத்தான் சோறு இல்ல."

நூறு அடிக்கு ஒருமுறை பானை ஆடியது, தண்ணீர் தளும்பி முதுகில் வடிந்தது. திலீப்பின் தோள் சிவந்துபோயிற்று. சட்டையைச் சுருட்டித் தோளில் சும்மாடு வைக்கச் சொன்னாள். ஏற்றத்தில் உயரமானவன் பின்னால் வரவேண்டும், இறக்கத்தில் முன்னால் போகவேண்டும் என்று திலீப்பே கண்டுபிடித்தான். சைக்கிளில் போன சீனர் குடும்பம் ஒன்று இறங்கி நின்று பார்த்தது.

"தைப்பூசத்துக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கு, இப்பவே காவடியா லா?" என்றான் சுரேந்தர்.

"அடுத்து உன் முறைடா."

முறை மாறியது. இரட்டையரும் தூக்கினார்கள். மதியம் நிறுத்திச் சாப்பிட்டபோது யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. விரிப்பை மரத்தில் கட்டி, அதன் கீழே ஈர விறகை ஊதி ஊதிப் பற்றவைத்து, மிச்சச் சோற்றில் மறுநாள் காலைக்கு என்று கொஞ்சம் டப்பாவில் எடுத்துவைத்துவிட்டு, மற்றதைக் கஞ்சியாகக் கொதிக்கவைத்து மத்தி மீன் டின்னை உடைத்துக் கொட்டினார்கள். தீ பார்த்தது சுஷ்மிதா. கரண்டியைத் துடுப்பு மாதிரி பிடித்துக் கிளறியது திலீப். பவித்ரா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "அடி பிடிக்குது, அடி பிடிக்குது!" என்று கத்தினாள். தன் குரல் அச்சாக அம்மாவின் குரல் மாதிரி இருந்தது. வெட்கப்படவில்லை. நானூறு பேருக்குச் சோறு போடுகிற குரல் அது.

மூன்றாம் நாள் காலையில் எடுத்துவைத்த சோற்றைக் கைவிட்டுப் பார்த்தாள். பருக்கை விரலில் ஒட்டி வழுக்கியது. முகர்ந்தாள். ஐந்து பேரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சுரேந்தர் தட்டை நீட்டியே விட்டான்.

"இது ஆகாது" என்றாள்.

"நல்லாத்தானே இருக்கு? குடு லா, பசிக்குது."

"ஆகாதுன்னா ஆகாது. ராத்திரி மழையில மூடியை இறுக்கிட்டேன், காத்து போகலை. பையிலயும் ஒண்ணும் மிச்சமில்ல, இன்னைக்குப் பட்டினி. கடைசி வரைக்கும் போகணும்னா பட்டினியோடதான் போகணும். வேன் வேணும்னா இப்பவே சொல்லுங்க, கூப்பிடறேன். நான் யாரையும் குறை சொல்லமாட்டேன்."

குழி தோண்டி அந்தச் சோற்றைக் கொட்டினாள். கொட்டும்போது நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது திலீப் கயாக் படகு ஒன்றைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் உயிர்காப்பு உடையை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எந்தப் பக்கம் போகணும், லீடர்?" என்றான் திலீப். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டான்.

வடக்குக் கரையை ஒட்டி மூன்று கிலோமீட்டர். எதிர்க்காற்று. துடுப்பு போட்ட கையெல்லாம் கொப்புளம். இரட்டையரில் மூத்தவன் ஒரு இடத்தில் துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் குனிந்துகொண்டான். பவித்ரா தன் படகை அவன் படகோடு சேர்த்துக் கட்டி, "எண்ணுடா, சத்தமா எண்ணு" என்றாள். இத்தனை நாள் பேசாத தம்பிக்காரன்தான் எண்ணினான். அந்த எண்ணிக்கைக்கு மூன்று படகும் ஒரே தாளத்தில் போயின.

கரையேறினபோது மணி பதினொன்று. அங்கிருந்து படகுத்துறை ஒன்றரைக் கிலோமீட்டர். மணலில் வேன் நின்றது, கதவு திறந்து. உள்ளே குளிர்சாதனம் ஓடுகிற சத்தம் வெளியே கேட்டது. சந்திரமதி கையில் ஒரு பை நிறைய ரொட்டி.

"காலையில ஒண்ணும் சாப்பிடலைன்னு உங்க மூஞ்சியே சொல்லுது. ஏறினா முடிச்சதாக் கணக்கு இல்ல. ஆனா யாரும் தப்பாப் பேசமாட்டாங்க. என்ன?"

பவித்ரா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சுரேந்தர், அந்தத் தீனிக்காரன், ரொட்டிப் பையை ஒருமுறை ஆழ்ந்து முகர்ந்துவிட்டு வேனைத் தாண்டி நடந்தான். அவன் பின்னால் சுஷ்மிதா. அவள் பின்னால் இரட்டையர். திலீப் காலிப் பானையைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனான். பவித்ரா கடைசியாக நின்று, ஐந்து தலையையும் எண்ணி, தன்னையும் சேர்த்து ஆறு என்று வாய்க்குள் சொல்லிவிட்டு நடந்தாள்.

படகுத்துறையில் தலைவர் நிரப்பவேண்டிய தாள் ஒன்று இருந்தது. தவறு என்ன என்று கேட்ட இடத்தில், 'அரிசி அளவு. நான்' என்று எழுதினாள். வெளி உதவி கேட்டீர்களா என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினாள். பேனா அழுந்தி அடுத்த தாளிலும் தடம் விழுந்தது. சந்திரமதி வாங்கிப் படித்துவிட்டு, ஆரஞ்சுச் சட்டைக்கு என்ன அளவு என்று மட்டும் கேட்டாள்.

"சாங்கியில இறங்கினதும் நாசி லெமாக்" என்றான் சுரேந்தர், தேங்காய்ப்பால் சோற்று நினைப்பில் விசைப்படகில் மல்லாந்தபடி. "ஆளுக்கு ரெண்டு. லீடர், நீ என்ன சொல்றே?"

"மூணு" என்றாள் பவித்ரா. "எவனோ சமைச்சது, நான் கரண்டியைத் தொட வேண்டாம். மூணு சாப்பிடப்போறேன்."