அண்ணி என்ற கறுப்பு பீர்

கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும் வேலையில் இருப்பவளுக்கு ஊர் வம்பு தானாக வந்து சேரும். இருட்டறையில் ஒரு கருவியின் மேல் மோவாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. "இது தெளிவா, அது தெளிவா?" என்று அவள் லென்ஸை மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் கண் பார்க்க வந்திருந்த ஒரு பெண் சொன்னாள்.

"போன வாரம் பீர் டூர் போனோம் மேடம். தெருத்தெருவா கூட்டிட்டுப் போய், அங்கங்கே பீர் ஊத்திக் கொடுத்து, கதையும் சொல்றாங்க. கடைசியில அந்த முதலாளியோட அண்ணி கதை வரும் பாருங்க, எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

அந்த முதலாளி வேறு யாருமில்லை, இவளுடைய கொழுந்தன். அவனுக்கு அண்ணி என்று இந்த உலகத்தில் இருப்பது இவள் ஒருத்திதான். அண்ணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த சந்தோஷத்தில் வாடிக்கையாளரின் இடது கண்ணையே இரண்டு தடவை சோதித்தாள்.

அவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: மாமியார் இல்லாத வீடு, கொடுத்துவைத்தவள். மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்ற எட்டு வயதுப் பையனைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. தலை துவட்டி, பேன் பார்த்து, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய், வளர்ந்த பிறகு அவன் செய்த கூத்துகளுக்கெல்லாம் அண்ணன்காரனிடம் பரிந்து பேசி, ஆளாக்கியது அவள்தான். அவன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. வருவான், தட்டில் இருப்பதைக் காலி செய்வான், எழுந்து போவான். அவளும் அதை எதிர்பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்வாள். பொய். வெளியில், நாலு பேருக்கு முன்னால், நம்மைப் பற்றி இவன் என்ன சொல்வான் என்ற அரிப்பு மட்டும் அவளுக்கு ஓயவே இல்லை.

சொந்தமாக பீர் காய்ச்சி விற்கும் பீர்க்கூடம் ஆரம்பித்த நாளிலிருந்து அவன் அவளை அந்தப் பக்கமே அண்டவிடவில்லை. "அங்க உங்களுக்கு எதுக்கு அண்ணி, ஒரே கூச்சல்" என்பான். இப்போதல்லவா புரிகிறது! நம்மைப் புகழ்ந்து ஊரே அழுகிற மாதிரி பேசுகிறான், நேரில் கேட்டுவிட்டால் வெட்கம், அதனால்தான் இத்தனை நாள் தடுத்தான் என்று முடிவு கட்டினாள். கடையில் பில் போடும் பெண்ணின் பெயரில் சனிக்கிழமை மதிய டூருக்குப் பதிவு செய்தாள். நல்ல செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, கைக்குட்டை இரண்டு எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அழ வேண்டியிருக்குமே.

கைடாக வந்தது மஞ்சள் குடை பிடித்த ஒரு சின்னப் பெண். அண்ணியை அவளுக்குத் தெரியாது. கூட்டத்தில் ஒரே அலுவலகத்திலிருந்து வந்த ஏழெட்டு இளவட்டங்கள், தொப்பி போட்ட ஒரு பெரியவர், அவர் மனைவி. முதல் நிறுத்தம் மாடிப்படிக்குக் கீழே இருந்த குறுகலான ஒரு கடை. ஆளுக்கொரு சின்னக் கிளாஸில் பொன்னிற பீர் வந்தது.

"நீங்க இப்போ குடிக்கிறது பிறந்ததே ஒரு சண்டையில" என்று கைடு ஆரம்பித்தாள். "எங்க முதலாளிக்கு ஒரு அண்ணி. பீர்ங்கற வார்த்தையைக் கேட்டாலே வாசல்ல தண்ணி தெளிக்கிற ஆளு. அவர் முதமுதல்ல வீட்ல காய்ச்சினதை அப்படியே தூக்கி சாக்கடையில ஊத்திட்டாங்க!"

கூட்டம் சிரித்தது. அண்ணிக்குக் கிளாஸ் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

சாக்கடையில் ஊற்றினேனா? நானா? அவன் காய்ச்சிய ஒவ்வொரு தடவையும் முதல் வாய் யாருக்கு? சமையலறையில் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து பரீட்சைக்குப் போன பையன் மாதிரி எதிரே நிற்பானே, "எப்படி அண்ணி, எப்படி அண்ணி" என்று பிடுங்குவானே! புளிக்குது என்றால் முகம் செத்துப்போகும். கசப்பு கொஞ்சம் குறையட்டும் என்றால் ஓடிப்போய் எழுதி வைத்துக்கொள்வான். வாரா வாரம் அந்தக் கண்ராவியைக் குடித்துக் குடித்து அவளுக்கு நாக்கு தடித்துப்போனதுதான் மிச்சம். ஊரில் எந்த அண்ணி செய்வாள் இதை? ஒருவேளை கைடு பெண் ஏதோ உளறுகிறாள், அவனுக்குத் தெரியாமல் கயிறு திரிக்கிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கிளாஸைக் காலி செய்தாள். கசப்பு சரியாகத்தான் இருந்தது. இருக்காதா பின்னே!

இரண்டாவது நிறுத்தத்துக்குப் போகும் வழியில் கைடிடம் மெல்லக் கேட்டாள். "ஏம்மா, இந்தக் கதையெல்லாம் நீயா சேர்த்ததா?"

"ஐயோ, நான் ஒரு வார்த்தை மாத்த முடியாதுங்க. முதலாளியே எழுதிக் கொடுத்து, மனப்பாடமா ஒப்பிக்க வச்சுதான் வேலைக்கே எடுத்தார்."

அண்ணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாவது கடை முன்பு சலவைக்கூடமாக இருந்த இடம். சுவரில் இன்னும் துணி தொங்கவிடும் கம்பிகள் இருந்தன. அங்கே வந்தது பாட்டில் கதை. முதலாளி பாட்டில்களை அடைத்துத் துணி அலமாரியில் ஒளித்து வைத்திருந்தாராம். அத்தனையும் வெடித்துவிட்டனவாம். அண்ணி பேய் மாதிரி ஆடி, கொட்டுகிற மழையில் அவரைப் பெட்டியோடு தெருவில் தள்ளிக் கதவைத் தாழ் போட்டாளாம். அந்த இளைஞன் மழையில் நனைந்தபடி, ஊரே குடிக்கிற பீரைக் காய்ச்சிக் காட்டுகிறேன் என்று சபதம் எடுத்தானாம்.

"பாவிப் பொம்பளை" என்றாள் தொப்பிக்காரரின் மனைவி.

பாட்டில் வெடித்தது நிஜம். சர்க்கரையைக் கூடுதலாகப் போட்டு அடைத்துவிட்டு, போர்வைகளுக்கு நடுவே திணித்து வைத்த புத்திசாலி அவன். வெடித்தபோது கண்ணாடிச் சில்லு குத்தியது இவள் காலில். "ஊறுகாய் ஜாடி கைதவறி விழுந்துடுச்சு" என்று கணவனிடம் சாதித்தது இவள். நொண்டிக்கொண்டே போர்வைகளைத் துவைத்ததும் இவள்தான். மழையாம், தெருவாம், தாழ்ப்பாளாம்! கேட்கிற இவர்களுக்காவது புத்தி வேண்டாமா? அந்தப் பாவிப் பொம்பளை பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருக்கிறாள் என்று கத்த வாயெடுத்தாள். எடுத்த வாயை மூடிக்கொண்டாள். கடைசியில் கண் கலங்குகிற இடம் வருகிறதே, அங்கேயாவது என்ன சொல்லியிருக்கிறான் பார்ப்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். நல்ல செருப்பு காலைக் கடித்தது. அதற்கும் அவனைத்தான் திட்டினாள்.

மூன்றாவது நிறுத்தம் அவனுடைய பீர்க்கூடமே. ஆள் உயர எஃகுத் தொட்டிகள், ஈரத் தரை, வறுத்த பார்லி வாசனை. நீளமான மேடைக்குப் பின்னால் வரிசையாகக் குழாய்கள். ஒரு குழாயின் மேல் பலகையில் பெரிதாக எழுதியிருந்தது: அண்ணி. அதிலிருந்து கறுப்பாக ஒன்றை ஊற்றி எல்லோர் கையிலும் கொடுத்தார்கள்.

கைடு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வருஷக்கணக்கா பேச்சுவார்த்தை இல்ல. ஒரு நாள் தகவல் வருது, அண்ணி படுத்த படுக்கை. முதலாளி ஓடறார். அண்ணி கண்ணைத் திறந்து கேட்டாங்களாம், 'உன் பீரைக் கொண்டுவந்தியா?' அவங்க வாழ்க்கையில குடிச்ச முதல் வாய், கடைசி வாய், ரெண்டும் அதுதான். கசக்குதுன்னு சொல்லிட்டு, சிரிச்சுக்கிட்டே கண்ணை மூடிட்டாங்க."

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார். அவர் மனைவி மூக்கை உறிஞ்சினாள். பாவிப் பொம்பளை என்று சொன்ன அதே வாய் இப்போது "மகராசி" என்றது. இளவட்டங்கள்கூடப் போனைக் கீழே வைத்தார்கள். அந்த நேரம் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டு உள்ளேயிருந்து வந்தான் கொழுந்தன். துக்க வீட்டுக்காரன் மாதிரி ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "நன்றிங்க, நன்றிங்க" என்றான்.

செத்தேபோய்விட்டேனா! அண்ணி தன் கையில் இருந்த கிளாஸைப் பார்த்தாள். தன் கருமாதிக்குத் தானே வந்து நிற்கிற கொடுமை வேறு எவளுக்காவது நடந்திருக்குமா? அவள் கையை உயர்த்தினாள்.

"ஒரு சந்தேகம். அந்த அம்மா தவறி எவ்வளவு நாளாச்சு?"

குரல் கேட்டு அவன் நிமிர்ந்தான். பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு கணம்தான். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தான், கைடைப் பார்த்தான், பிறகு அவள் கண்ணையே பார்த்துச் சொன்னான்.

"மூணு வருஷம் ஆச்சுங்க."

அந்த 'ங்க'தான் அவளுக்குத் தாங்கவில்லை. கொன்றதைக்கூட விட்டுவிடலாம். யாரோ வழிப்போக்கரிடம் பேசுவதுபோலப் பேசினானே!

"என்ன வியாதி?" என்றபடி மேடையை நோக்கி நடந்தாள்.

"இந்த நேரத்துல இப்படியெல்லாம் கேக்கலாமாம்மா?" என்று தொப்பிக்காரர் அதட்டினார். "அவர் மனசு என்ன பாடுபடும்?"

"செத்தவளே கேக்கறேன். பதில் சொல்லக் கூடாதா?"

 பிறகு ஓர் இளைஞன் கைதட்டினான். "சூப்பர்! ஆளை செட் பண்ணியிருக்காங்க பாரு!" எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். கொழுந்தனின் உதட்டிலும் தன்னையறியாமல் ஒரு வியாபாரச் சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது விழுந்துவிட்டது.

"அண்ணி, உள்ள வாங்க. பேசிக்கலாம்" என்றான் காதோடு காதாக.

"உள்ள எதுக்கு? வெளியிலதானே கொன்னே, வெளியிலயே பேசுவோம். சாக்கடையில ஊத்தினேனாடா நான்? உன்னை மழையில தள்ளினேனா?"

"கதைக்காகத்தான் அண்ணி. ஆரம்பத்துல உண்மையைத்தான் சொல்லிப் பார்த்தேன். நீங்க வளர்த்தது, ருசி பார்த்தது, எல்லாம். ஒருத்தரும் கேக்கல. போனை நோண்டிட்டு நின்னாங்க. நல்ல அண்ணியை வச்சுக் கதை நிக்காது அண்ணி."

"அதனால கெட்டவளாக்கினே."

"ஆமா."

"அதுவும் போதாதுன்னு கொன்னுட்டே."

அவன் மேடையில் கிடந்த துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். கைதட்டிய கூட்டத்துக்கு ஏதோ சரியில்லை என்று இப்போதுதான் உறைத்தது. கைடு பெண் குடையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தாள்.

"அவங்க கேக்கலேன்னா என்ன?" என்றாள் அண்ணி. குரல் உடைந்தது, அந்த உடைசலின் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது. "இருபது வருஷமா நான் கேக்கறதுக்குக் காத்திருக்கேன். உண்மையைச் சொல்லு. இவங்க முன்னாலயே சொல்லு."

"இப்பவா?"

"கைடு வச்சு ஊருக்கே ஒப்பிச்சியே, இது மட்டும் வாயில வராதா?"

அவன் தொண்டையைச் செருமினான். "இவங்கதான்... இவங்கதாங்க எங்க அண்ணி. உயிரோடதான் இருக்காங்க" என்றான். யாரோ ஒருவர் ஏமாற்றமாக 'ச்சே' என்றார். "எங்கம்மா போனப்புறம் நான் யார் கையிலயும் சாப்பிட மாட்டேன். இவங்க வந்த அன்னிக்கு ஊட்ட வந்தாங்க. கையைக் கடிச்சுட்டேன். ரத்தம் வந்துடுச்சு." நிறுத்தினான். "அப்புறம்... இன்னொரு கையால ஊட்டினாங்க."

அவன் எழுதிக்கொடுத்த கதையில் எங்கெங்கே சிரிப்பு வரும், எங்கே கண்ணீர் வரும் என்று அவனுக்கு அத்துப்படி. இதில் ஒன்றும் வரவில்லை. தட்டுத்தடுமாறி, முன்னுக்குப் பின்னாகச் சொன்னான். பெயிலான கதையைச் சொன்னான், யாரையோ அடித்துவிட்டு ஓடிவந்து அவளுக்குப் பின்னால் ஒளிந்ததைச் சொன்னான். ஓர் இளைஞன் கழிப்பறை எங்கே என்று கேட்டுக்கொண்டு போனான். மற்றவர்கள் ஒவ்வொருவராக அவன் பின்னாலேயே நழுவினார்கள். தொப்பிக்காரர் கிளாஸில் மிச்சமிருந்ததை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மனைவியை இழுத்துக்கொண்டு கிளம்பினார். கைடு பெண் வாசலுக்கும் மேடைக்கும் நடுவில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் விழித்தாள்.

அண்ணி ஒருத்திதான் அசையவில்லை. அவள் கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

"அவ்ளோதான் அண்ணி" என்றான் அவன். "எல்லாரும் போயிட்டாங்க."

அவள் ஒரு முக்காலியை இழுத்து அவனுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"அவ்ளோதானா? நான் சாகறதுக்கு முன்னாடி இன்னும் நிறைய இருக்குடா. சொல்லு."