சிவப்புக் கோடு விழாத கட்டுரை

நாடிழந்த இனத்தின் ஆன்மா அதன் எழுத்தாளர்களின் நெஞ்சில்தான் குடியிருக்கிறது. சொந்த ஊரைப் பிரிந்தவனுக்கே அதைப் பாடும் தகுதி உண்டு. இப்படிச் சொன்னவர் எங்கள் சங்கத் தலைவர் மேங் தே-சிக். யொங்ஜங் நகரத்துக் கொழுக்கட்டைக் கடை மாடியில், வாயில் பாதிக் கொழுக்கட்டையோடு சொன்னார். கொரியாவைப் பிரிந்தபோது அவருக்கு வயது நான்கு. எல்லை ஆற்றைத் தாண்டும்போது அப்பாவின் முதுகில் தூங்கிக்கொண்டிருந்தாராம்.

மஞ்சூரியாவில் பிழைக்க வந்த கொரியர்கள் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ‘சொந்த ஊர்’ என்றொரு கட்டுரைத் தொகுப்புப் போடத் துணிந்தோம். கையெழுத்துப் பிரதிகள், அப்போது கொரியாவையும் மஞ்சூரியாவையும் பிடித்து வைத்திருந்த ஜப்பான்காரனின் தணிக்கைக்குப் போய் அன்று காலைதான் திரும்பியிருந்தன. எங்கள் வட்டாரத்தில் தணிக்கைக்காரனின் சிவப்புக் கோடு என்பது விழுப்புண். தலைவருக்குப் பதினொரு வரி போயிருந்தது. மருந்துக்கடை வைத்திருந்த கவிஞர் பியோவுக்கு ஆறு. பொருளாளருக்கு ஐந்து. செயலாளனாகிய எனக்கு மூன்று. குறைச்சல்தான், ஆனாலும் தடித்த கோடு.

பள்ளிக்கூட வாத்தியார் தாக் கி-ஊவின் கட்டுரையில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.

“எப்படித் தம்பி?” என்றார் பியோ. “தணிக்கைக்காரன் உனக்கு மச்சானா?”

தாக் தேநீரை ஊதினான். அதில் ஏற்கெனவே ஆவி இல்லை.

எனக்கு ஒவ்வொன்றாகப் புலப்படத் தொடங்கியது. புதன்கிழமைதோறும் இவன் தபால் ஆபீசுக்கு இரண்டு தடவை போகிறானே, எதற்கு? ஒரு மாதமாகப் பூண்டு போட்ட ஊறுகாயைத் தொடுவதில்லையே, எந்த ஜப்பான்காரனின் மூக்குக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது? ஊறுகாய் விஷயத்தை வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

“பல்வலிண்ணே,” என்றான் தாக்.

“வலி பல்லுலயா, மனசாட்சியிலயா?” என்றார் பியோ.

தலைவர் எழுந்து நின்றார். “சங்கத்துல ஒற்றன் இருந்தா சகிக்க மாட்டேன். கை தூக்கச் சொல்லிடலாம்.”

அதன் பொருள் தாக்குக்குத் தெரியும். ஒற்றன் என்று முத்திரை விழுந்தால் யொங்ஜங்கில் எந்தக் கொரியனும் வாடகைக்கு அறை தரமாட்டான். பள்ளிக்கூட வேலை மறுநாளே போய்விடும். அவன் பெண்டாட்டிக்கு அது எட்டாவது மாதம்.

“கை தூக்குறதுக்கு முன்னாடி உங்க கட்டுரையைக் கொஞ்சம் குடுங்கண்ணே,” என்றான். தலைவர் அதைக் காலையிலிருந்தே எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார், ஓரத்தைக் கட்டைவிரலால் மறைத்தபடி. தாக் பிடுங்கிக்கொண்டான்.

“‘எங்கள் வீட்டுக் கொல்லையில் பழுத்துத் தொங்கும் பெர்சிமன் பழங்கள்.’ அடிச்சிருக்கான். ஓரத்துல என்ன எழுதியிருக்கான், கேளுங்க: ‘இவர் சொல்லும் வடகோடி மாவட்டத்துக் குளிரில் இந்த மரம் வளராது.’ அடுத்தது, ‘கிழக்கே பாயும் ஆறு.’ அதுக்கு ஓரத்துல, ‘வடக்கே.’ இது என்ன அடக்குமுறையாண்ணே? பூகோளம்!”

பியோ தன் கட்டுரையை மெல்ல மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். என் மூன்று கோடுகளின் ஓரத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை இங்கே சொல்லத் தேவையில்லை.

தலைவர் அவ்வளவு லேசில் விடுகிறவரல்ல. “நீ மூணு வயசுல வந்தவன். உனக்கு மட்டும் எப்படி எல்லாம் சரியா இருக்கு? யார் சொல்லிக்குடுத்தா? அந்தத் தணிக்கை ஆபீஸ்காரன்தானே?”

தாக்கின் காது சிவந்தது. ஒற்றன் என்ற பெயரோடு போய்விடலாமா என்று யோசிக்கிறவன் போலச் சற்று நேரம் கூரையைப் பார்த்தான். பிறகு கோட்டுக்குள்ளிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்து மேசைமேல் போட்டான். சுற்றுலாப் பயணிகளுக்காக ரயில்வேக்காரர்கள் ஜப்பானிய மொழியில் அச்சடித்தது.

“இதுலேர்ந்து மொழிபெயர்த்தேன். எங்க ஊருக்கு நாலு பக்கம் இருக்கு. ஏற்கெனவே தணிக்கையான எழுத்து, அதை எவன் அடிப்பான்?”

தலைவர் புத்தகத்தை எடுத்து, தன் மாவட்டம் இருக்கிறதா என்று புரட்டினார். இல்லை.

“வடக்குப் பகுதிக்குத் தனிப் புத்தகமாப்பா?” என்றார் தணிந்த குரலில்.

“ஆமாண்ணே. ஸ்டேஷன்ல சும்மாவே குடுக்கறாங்க.”

ஒற்றன் பேச்சு அதோடு நின்றது. கை தூக்கும்படி தலைவர் யாரையும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, ரயில் நிலையத்து விசாரணை ஜன்னலுக்கு முன்னால், தாக்கைத் தவிர நாங்கள் நான்கு பேரும் வரிசையில் நின்றோம்.