பின் பாதி

அப்பாவின் விரல்கள் விறைத்துவிட்டன. பெட்டிக்குள் குனிந்து, அமலி ஜெபமாலையை அவர் கையில் இரண்டு சுற்று சுற்றினாள். அது நழுவி நெஞ்சில் விழுந்தது. மறுபடி சுற்றினாள்.

“அக்கா, அன்பியத்துக்காரங்க வாராங்க,” என்றாள் தங்கை ஜெனிஷா. “பிலோமினாத்தையும் வாராக. நான் அடுப்படிக்குப் போயிரவா?”

“நீ எதுக்குடி போகணும்? இங்கனயே நில்லு. நல்லா நடுவுல நில்லு.”

அன்பியம் என்பது திருநகரில் அந்த நாலைந்து தெருக் கத்தோலிக்கக் குடும்பங்களின் கூட்டு. வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வார்கள். மாதாவின் சிலையான சுரூபமும் முறை வைத்து வீடு வீடாகப் போகும். பிலோமினாள்தான் தலைவி. மூன்று வருடத்துக்கு முன் ஜெனிஷா ராம்கியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் இந்து. அந்தச் சமயத்தில்தான் இந்த வீட்டு முறை வந்தது. அப்பா யேசுதாஸ் வாசலைக் கழுவி, கேட்டைத் திறந்துவைத்து, மெழுகுதிரியோடு நின்றார். சுரூபத்தோடு வந்தவர்களின் பாட்டு தெருமுனையில் கேட்டது, பக்கத்தில் வந்தது, கேட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் போய்விட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்?

கேட்டதற்கு, “இருட்டுல கேட்டு பூட்டிருக்குன்னு நெனச்சுட்டேன்,” என்றாள் பிலோமினாள். அதற்கப்புறமும் முறை வரவேயில்லை.

யேசுதாஸ் கூட்டத்துக்குப் போவதை விட்டார். சாயங்காலம் தனியாக உட்கார்ந்து, ஜெபமாலையில் முன்னால் சொல்பவரின் பாதியையும் பதில் சொல்பவர்களின் பாதியையும் தானே சொல்லிக்கொள்வார். “விடு தாயி, மாதாவா கோவிச்சுக்கிட்டா?” என்பார். அந்த மனுசனுக்கு மனசு கனிந்துகொண்டே போயிற்று. அமலிக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. அவளும் நாள் தவறாமல் ஜெபமாலை சொன்னாள், அந்தப் பொம்பளையை எங்கள் வீட்டில் ஒருநாள் தலைகுனிய வை என்று.

பிலோமினாள் வெள்ளைச் சேலையில் வந்து பெட்டியின் தலைமாட்டில் நின்றாள். துக்க வீட்டில் தலைவி முன்னால் சொல்வதுதான் வழக்கம். “ஆரம்பிப்பமா?” என்று தொண்டையைச் செருமினாள்.

“நீங்க உக்காருங்கத்தே. எங்கப்பாவுக்கு நான் முன்னால சொல்றேன்.”

அப்பனைப் பறிகொடுத்தவளிடம் யார் மல்லுக்கு நிற்பார்கள்? பிலோமினாள் உட்கார்ந்தாள்.

ஜெபமாலையின் ஒவ்வொரு பத்து மணிகளுக்கும் முன்னால், ‘எங்கள் பிதாவே’ என்று தொடங்கும் பரலோக மந்திரம் வரும். முன் பாதி முழுக்கக் கடவுளைப் பற்றியது. தீமை செய்தவர்களைப் பொறுப்பதாகச் சொல்லும் வரி பின் பாதியில், கூட்டத்தின் பங்கில் இருக்கிறது. முன்னால் சொல்கிறவள் அதை வாயில் எடுக்க வேண்டியதில்லை. அமலி இந்த இடத்தைப் பிடித்ததே அதற்காகத்தான்.

ஒவ்வொரு முறையும் அந்த வரி வந்தபோது அவள் பிலோமினாளையே பார்த்தாள். தெருவுக்கே கேட்கும் அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நாலாவது முறை உதடு மட்டும்தான் அசைந்தது. கடைசி முறை, அமலி தன் பாதியைச் சொல்லிவிட்டுக் கையை உயர்த்திக் கூட்டத்தை நிறுத்தினாள்.

“இத அத்தை மட்டும் சொல்லட்டும்.”

பிலோமினாள் தொடங்கினாள். அந்த வரியில் வந்து நின்றுவிட்டாள். பெட்டிக்குள் இருந்த முகத்தைப் பார்த்தாள்.

“அண்ணே, கேட்டு தெறந்துதான் இருந்துச்சு. நீங்க மெழுகுதிரியோட நின்னீக. பாத்துக்கிட்டேதான் போனேன்.”

அமலிக்கு நெஞ்செல்லாம் தித்தித்தது. ஆனால் போதவில்லை.

“பின்னால இருக்கவங்களுக்குக் கேக்கலத்தே. சத்தமாச் சொல்லுங்க.”

“அக்கா, போதும்க்கா,” என்றாள் ஜெனிஷா.

“சொல்லட்டும்.”

பிலோமினாள் பெட்டியின் விளிம்பைப் பிடித்து எழுந்தாள். வாசல் பந்தலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் திரும்பிப் பார்க்கும்படி, அதே வார்த்தைகளைச் சொன்னாள். பிறகு விட்ட வரியை எடுத்துத் தனியாகவே முடித்து, ஆமென் சொல்லித் தரையில் உட்கார்ந்தாள்.

இனி மாதாவை வாழ்த்தும் மங்கள வார்த்தை ஜெபம். அமலி தொடங்கினால்தான் மற்றவர்கள் பதில் சொல்ல முடியும். அவள் வாயைத் திறந்தாள். தினமும் சொன்ன முதல் சொல் வரவில்லை. பெண்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரையில் பிலோமினாள், அடுத்த மணியை விரலில் பிடித்தபடி, பதில் சொல்லக் காத்திருந்தாள்.